தேன் நிறத்தில் ஒரு பொய்

ரகுபதி மேஜைமேல் வைத்த கண்ணாடிக் குடுவையைப் பார்த்ததும் எழிலரசன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

ஊறுகாய் போட்டு வைக்கிற குடுவை. இப்போது அதில் எண்ணெய் இருந்தது. ஜன்னல் வழியே வந்த மழைக்கால வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, எங்கோ தூரதேசத்து மாதாகோயில் ஜன்னல்போலத் தேன் நிறத்தில் மினுங்கியது. அடியில் விரல் கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. குடுவையின் கழுத்தில் பழைய ஊறுகாயின் சிவப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

"மூடியைத் திறந்து காட்டட்டுமா?" என்றார் ரகுபதி.

"வேண்டாம். இப்படியே நல்லாத் தெரியுது."

"எங்க சார் வீட்ல கடுகு தாளிச்சாலே மொட்டைமாடிக்குப் போயிடுவார்," என்றாள் ஜாஸ்மின். "நீங்க மூடியே வெச்சிருங்க."

தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவன் எழிலரசன். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், நான்காக மடித்த கைக்குட்டையில் இரண்டு சொட்டு கொலோன். கொலை நடந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் செருப்பு விடுகிற இடம் சுத்தமா என்று பார்க்கிற ஆள். படப்பையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிற ஜாஸ்மின் அவனுடைய உதவியாளர், டைப்பிஸ்ட், ஸ்கூட்டர் ஓட்டுநர். கூடவே, அவன் கேட்காமலே கருத்துச் சொல்லும் பொறுப்பும் அவளுக்கு உண்டு.

ரகுபதிக்கு மண்ணூரில் மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்யும் தொழிற்சாலை. வாசலில் 'ஒளிவிழி' என்று பெரிய போர்டு. அவர்கள் மூவரும் உட்கார்ந்திருந்தது அங்கே அவருடைய அறையில். அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"அடியில படிஞ்சிருக்கே, அது எமரித்தூள். நாங்க லென்ஸ் தேய்க்கிறதுக்கு வெச்சிருக்கிறது. என் கார் இன்ஜினுக்குள்ள இருந்து வந்திருக்கு," என்றார் ரகுபதி. "ஜப்பான் வண்டி சார். டர்போ. வெளியே போற புகையே ஒரு விசிறியைச் சுத்தும், அந்த விசிறி காத்தை இன்ஜினுக்குள்ள திணிக்கும். அம்பாசடர் முக்கி முனகி ஏறுற மேட்டை இது மூச்சு விடாம ஏறும். திங்கட்கிழமை வெளிநாட்டுக்காரங்க ரெண்டு பேரை ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வர்றேன். பெங்களூர் ரோட்ல நீலமாப் புகை வந்து, இன்ஜின் அப்படியே இறுகிப்போச்சு. வந்தவங்க லாரியில ஏறி வந்து சேர்ந்தாங்க. ஆர்டர் போச்சு."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் என்ன சந்தேகம். டிரைவர் அப்பாவு. போன மாசம் இங்கே ஒரு சங்கம் ஆரம்பிச்சிருக்காங்க. அவன்தான் செயலாளர். டிரைவர் ஆகறதுக்கு முன்னாடி பாலிஷ் செக்‌ஷன்ல எமரித்தூளோடதான் குப்பை கொட்டினான்."

"வண்டி நின்னதுக்கு அப்புறம்?"

"கயிறு கட்டி இழுத்து வந்து ஷெட்ல பூட்டினேன். சாவி என் இடுப்புல. ஒருத்தன் கை வைக்கல. நேத்து சப்-இன்ஸ்பெக்டர் முன்னாடிதான் ஷெட்டைத் திறந்து, அடி போல்ட்டைக் கழட்டி, இந்தக் குடுவையில ஆயிலைப் பிடிச்சோம். பார்த்த அத்தனை பேருக்கும் முகம் வெளுத்துப் போச்சு." ரகுபதி முன்னால் சாய்ந்தார். "அவன் போட்டதைப் பார்த்த சாட்சி இல்லையேன்னு எஸ்.ஐ. இழுக்கிறார். அவனைத் தவிர வேற யாரும் போட்டிருக்க முடியாதுன்னு நீங்க ஒரு ரிப்போர்ட் குடுத்தா, மதியம் வந்து கூட்டிட்டுப் போயிடுவார். வேலை சுலபம். உங்களுக்கு அழுக்குப் பிடிக்காதுன்னு கேள்விப்பட்டேன். அதான் சுத்தமாப் பிடிச்சு வெச்சிருக்கேன்."

செயலாளர் ஜெயிலுக்குப் போனால் அந்தச் சங்கம் வாரம் தாண்டாது என்பதை அவர் சொல்லவில்லை. அவருடைய புன்னகை சொன்னது.

*

ஷெட்டில் கார் நின்றது. வெள்ளை நிறம். இரண்டு வருஷத்து வண்டி என்று யாரும் சொல்ல முடியாது. கதவுப் பிடியின் பின்பக்கம், சக்கரத்தின் உள்விளிம்பு, நம்பர் பலகையின் மூலை எங்கும் ஒரு பொட்டுச் சேறு இல்லை. எழிலரசன் அதைச் சுற்றி வந்தபோது அன்றைக்கு முதல்முறையாக அவன் மூச்சு சீரானது.

"கட்டிக்கச் சொன்னா கட்டிப்பீங்க போல," என்றாள் ஜாஸ்மின்.

அவன் முன்சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டின் சின்ன அறையைத் திறந்தான். ஆங்கிலத்தில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. கண்ணாடிக் காகித உறை கிழிக்கப்படாமல், வந்த மேனிக்கு இருந்தது.

"படிக்காம இருக்க முடியாதே உங்களுக்கு," என்றாள் அவள்.

அவன் உறையைக் கிழித்து, உட்கார்ந்தபடியே புரட்டினான். காகிதத்தில் குளிர்நாட்டு மரவாசனை அடித்தது. பனி பெய்யும் சாலைகளில் வரிசையாக ஓடும் வண்டிகளை ஒரு கணம் அவன் மனம் பார்த்துவிட்டு வந்தது.

"டர்போ வண்டிக்கு ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இன்ஜின் ஆயிலும் அதோட வடிகட்டியும் மாத்தணும். டர்போவுக்குள்ள இருக்கிற அச்சு பழுக்கக் காய்ச்சின சூட்டுல சுத்துது. அதுக்கு ஆயில்தான் மெத்தை. புழுதியான ஊரா இருந்தா இன்னும் சீக்கிரமே மாத்தணும்." அவன் பக்கம் திருப்பினான். "தூரம் ஓடி வந்தா உடனே அணைக்கக் கூடாது. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு, சூடு தணிஞ்சதும் அணைக்கணும். இல்லைன்னா உள்ளே நிக்கிற ஆயில் கருகிடும்."

"ஸ்ரீபெரும்புதூர் புழுதிக்கு ஐயாயிரம்னா தெருமுனைக்குப் போயிட்டு வந்தா மாத்தணும்," என்றாள் ஜாஸ்மின். மீட்டரைக் குனிந்து பார்த்தாள். "நாப்பதாயிரத்தைத் தாண்டியிருக்கு சார்."

"அப்பாவுவைப் பார்க்கலாம்."

*

அப்பாவுவை வாசல் பக்கத்து வாட்ச்மேன் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். வெள்ளை யூனிஃபார்ம், மடியில் தொப்பி. அறையில் யாரோ சாப்பிட்ட சாம்பார்சாதத்தின் மிச்சம் மூலையில் ஈ மொய்த்துக் கிடந்தது. எழிலரசன் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி வாசலிலேயே நின்றான்.

"நான் எமரி போடல சார்," என்றான் அப்பாவு. அவர்கள் கேட்பதற்கு முன்பே சொன்னான். நேற்றிலிருந்து அதையே சொல்லிச் சொல்லி வார்த்தை தேய்ந்திருந்தது. "வூட்ல பொண்ணுக்குக்கூட நான் அப்படித் தலை சீவி வுட்டதில்ல. அந்த வண்டிய அப்படிப் பாத்துகினேன்."

"சர்வீஸ் எல்லாம் ஒழுங்கா விட்டீங்களா?"

"மாசா மாசம் சார். ஒரு மாசம் தப்பினதில்ல. 'அப்பாவு, வண்டிய சர்வீஸ் வுடு'ன்னு மொதலாளி சொல்றதுக்கு முன்னாடியே வுட்டுடுவேன்."

"எங்கே?"

"பாப்பம்மாக்கா சர்வீஸ் ஸ்டேஷன். ஸ்ரீபெரும்புதூர் போற ரோட்ல, வேப்பமரத்தாண்ட."

"ஆயில்?"

"ஆயில் சர்வீஸும் சேத்துதான் சார். மழைக்காலத்துல ரெண்டு தபா பண்ணுவோம்."

எழிலரசன் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தான். "மழைக்காலத்துல எதுக்கு ரெண்டு தடவை?"

"மழையில்ல சார்?" என்றான் அப்பாவு, இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல.

எழிலரசன் அதைத் தோண்டவில்லை. "தூரம் போயிட்டு வந்தா இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பீங்களா?"

அப்பாவு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "வண்டியக் கொண்டாந்து வுட்டவன் அப்படித்தான் சொன்னான் சார். நானும் கொஞ்ச நாள் செஞ்சேன். மொதலாளி இறங்கும்போதே திட்டுவாரு. 'எவன் அப்பன் வூட்டு பெட்ரோல்னு ஓட வுட்டுகினு குந்தினுகீற'ன்னு. அப்பாலிருந்து நின்னதும் ஆஃப் பண்ணிடுவேன்."

வெளியே வந்ததும் ஜாஸ்மின் ஸ்கூட்டரை உதைத்தாள். "ஆள் பொய் சொல்ற மாதிரி தெரியல சார்."

"முதலாளி சர்வீஸ் விடச் சொல்லியிருக்கார், இவரும் விட்டிருக்கார்னு வெச்சுக்கோ. ரெண்டு பேரும் சரியாத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா இன்ஜின் செத்திருக்கு. மழைக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்? மழை இன்ஜினுக்குள்ளயா பெய்யுது? அதைக் கேட்கத்தான் போறோம்."

*

பாப்பம்மாளின் சர்வீஸ் ஸ்டேஷனை மூக்கால் கண்டுபிடித்துவிடலாம். டீசல், சோப்பு, பன்றி மூன்றும் கலந்த ஒரு வாடை ரோட்டுக்கே வந்து வரவேற்றது. ஒரு சிமென்ட் மேடை, தண்ணீர் பீய்ச்சும் மோட்டார், ஓலைக் கொட்டகை. இரண்டு நாள் மழையில் தரை கறுப்புக் குழம்பாகியிருந்தது. அதில் ஏழு வண்ணமும் மிதந்தன. எழிலரசன் செங்கல்லுக்குச் செங்கல் தாவி வந்தான். மூன்றாவது செங்கல் செங்கல் இல்லை. கால் கணுக்கால்வரை உள்ளே போனது.

"செத்தேன்," என்றான்.

"செருப்புதான் சார் செத்தது. நீங்க இருக்கீங்க," என்றாள் ஜாஸ்மின்.

சேலைமேல் ஆண்பிள்ளைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டிய பாப்பம்மாள், மேடைமேல் நின்ற வேனுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். வேனின் அடியிலிருந்து வழிந்த சேற்றோடு ஏதோ ஒரு கோழியின் இறகுகளும் வந்தன.

"இன்னாம்மா, ஸ்கூட்டர் சர்வீஸா? ஓரமா நிறுத்து."

"ஸ்கூட்டர் இல்லக்கா. லென்ஸ் கம்பெனி வெள்ளை வண்டி இங்கதான் சர்வீஸுக்கு வருதா?"

"அப்பாவு வண்டியா? மாசமானா வந்துரும். குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி நின்னு குளிப்பாட்டச் சொல்வான். ஒரு பொட்டு இருந்தா மறுக்கா அடிக்கச் சொல்வான். பாவம், அவனப் புடிச்சு வெச்சுகினாங்களாமே."

"ஆயில் சர்வீஸும் பண்ணுவீங்களா?"

"பண்ணாம? நில்லு, இதுக்கும் அதான் பாக்கி. காட்டுறேன்."

அவள் தண்ணீர்க் குழாயை வைத்துவிட்டு ஒரு சின்னத் துப்பாக்கிபோன்ற கருவியை எடுத்தாள். அதன் ரப்பர் குழாய் ஒரு பீப்பாய்க்குள் போனது. பாப்பம்மாள் குனிந்து வேனின் அடிவயிற்றைப் பார்த்து விசையை அழுத்தினாள். கறுப்பான பனிமூட்டம் ஒன்று கிளம்பி வேனின் அடியெல்லாம் படர்ந்தது. காற்று திரும்பியது. எழிலரசனின் வெள்ளை பேன்ட்டும் முழங்கால்வரை ஆயில் சர்வீஸ் ஆனது.

அவன் தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதுதான் ஆயில் சர்வீஸா?"

"வேற இன்னா? அடியில ஆயில் அடிச்சா துரு புடிக்காது. மழைக்காலம்னா ரெண்டு தபா அடிக்கணும்."

ஜாஸ்மின் மெதுவாக வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்ஜினுக்குள்ள இருக்கிற ஆயிலை மாத்துறது?" என்றான் எழிலரசன்.

"அது மெக்கானிக் வேலையாச்சே. நம்மளுது வாட்டர் சர்வீஸு. வெளியதான் நம்மளுது. உள்ள இன்னா கீதுன்னு நாம பாக்கறதில்ல."

அவ்வளவுதான் விஷயம். 'வண்டியை சர்வீஸ் விடு' என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இந்த ரோட்டில் சர்வீஸ் ஸ்டேஷன் என்றால் குளியல்தான். இன்னொருவன் மாதம் தவறாமல் விட்டிருக்கிறான். இரண்டு வருஷம், நாற்பதாயிரம் கிலோமீட்டர். ஜப்பானில் ஊற்றிய ஆயிலே அதே இன்ஜினுக்குள் கருகிக் கருகி ஓடியிருக்கிறது. வெளியே மட்டும் கல்யாண மாப்பிள்ளை.

"கேஸ் முடிஞ்சுது சார்," என்றாள் ஜாஸ்மின். "எமரியும் இல்ல, சதியும் இல்ல. குளிப்பாட்டியே கொன்னுட்டாங்க."

"எமரி இருக்கே. குடுவையில நாம பார்த்தோமே."

எழிலரசன் தன் முழங்காலைப் பார்த்தான். பிறகு பீப்பாயை எட்டிப் பார்த்தான். அருவருப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தான். அசையாத கறுப்பு. கிணற்றின் அடியிலிருந்து ஒருவன் எட்டிப் பார்ப்பதுபோல் அவன் முகம் அதில் தெரிந்தது. பஸ், லாரி, வேன், டிராக்டர் எல்லாவற்றின் வயிற்றிலிருந்தும் கழிந்து வந்த எண்ணெய். அதில் ஒரு துளிகூடத் தேன் நிறத்தில் இல்லை.

"ஜாஸ்மின், குடுவையில இருந்த ஆயில் என்ன நிறம்?"

அவள் பீப்பாயை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "ஐயோ," என்றாள் தணிந்த குரலில். "லென்ஸ் கம்பெனியில அத்தனை பேர் நின்னு பார்த்திருக்காங்க. ஒருத்தர் கண்ணுக்கும் தெரியலையே."

"தூள் தெரிஞ்சதும் எல்லாரும் தூளையே பார்த்தாங்க. நானும்தான். சுத்தமா இருக்கேன்னு எனக்கு நிம்மதி வேற."

பாப்பம்மாள் துப்பாக்கியின் மூக்கைக் கம்பியால் குத்திக்கொண்டிருந்தாள். "சனியன், இன்னும் அடைச்சுகினே கீது. அந்த லென்ஸ் கம்பெனி டின்னு வந்ததுலேந்து இதே ரோதனை."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். "எந்த டின்?"

"முந்தாநேத்து மொதலாளியே அம்பாசடர்ல எடுத்தாந்தாரு. 'பாப்பம்மா, பழைய ஆயிலு, வெச்சுக்கோ, பதிலுக்கு அம்பாசடரக் கழுவிக் குடு'ன்னாரு. வெச்சுகினேன். ஊத்தினா ஊத்த வரல. வெல்லப்பாகு மாதிரி கட்டி கட்டியா வுழுது. ஆயிலா அது, தாரு." அவள் கொட்டகை ஓரத்தைக் காட்டினாள். "அதோ, மிச்சம் அப்படியே கீது. வோணும்னா எடுத்துனு போ. எனக்கு எடம் அடையுது."

டின்னை ஜாஸ்மின் ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டாள். எழிலரசன் பின்னால் உட்கார்ந்தான். வழியெல்லாம் அந்த நாற்றம் காற்றோடு திரும்பி அவன் முகத்தில் அடித்தது. அழுகிய மீனும் எரிந்த ரப்பரும் சேர்ந்ததுபோல ஒரு நாற்றம். ஆனால் அவனை அருவருக்க வைத்தது அது இல்லை. தார்போன்ற அந்தக் கழிவைக்கூட ஒருவர் சும்மா கொட்ட மனமில்லாமல், அம்பாசடருக்கு ஒரு குளியலாக மாற்றிக்கொண்டிருக்கிறார். அதே கையால் ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்திருக்கிறார்.

"அவர் ஏன் உங்களைத் தேடிப் பிடிச்சார்னு இப்பப் புரியுதா சார்?" என்றாள் ஜாஸ்மின், ரோட்டைப் பார்த்தபடி. "சென்னையில எத்தனையோ பேர் இருக்காங்க. இன்ஜினுக்குள்ள கை விடாத துப்பறிகிறவர் நீங்க ஒருத்தர்தான்."

எழிலரசன் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

*

ஷெட்டில் ரகுபதியும் சப்-இன்ஸ்பெக்டர் இராமச்சந்திரனும் காத்திருந்தார்கள். அப்பாவுவை ஒரு கான்ஸ்டபிள் தோளைத் தொட்டபடி நிறுத்தியிருந்தார். வாசலில் ஷிஃப்ட் முடிந்த ஆட்கள் பஸ்ஸில் ஏறாமல் கூட்டமாக நின்று பார்த்தார்கள்.

ரகுபதி எழிலரசனின் பேன்ட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "என்ன சார் இது, எங்கே போய் விழுந்தீங்க? ரிப்போர்ட் தயாரா?"

"ஒரே ஒரு நிமிஷம். பானெட்டைத் திறக்கச் சொல்லுங்க."

"எதுக்கு? ஆயில்தான் எடுத்தாச்சே."

"திறங்க," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

பானெட் எழுந்தது. இன்ஜினின் தலையில் ஆயில் ஊற்றும் வாயின் மூடி. எழிலரசன் அதைத் திருகி எடுத்தான். மூடியின் உட்புறம் முழுக்க, அடுப்புக் கரியைக் குழைத்து அப்பியதுபோல் கறுப்பு. வாய்க்குள் எட்டிப் பார்த்தால் அங்கேயும் அதே. அவன் தன் வலக்கையை ஒருமுறை பார்த்தான். விடைபெறுகிற பார்வை அது. பிறகு ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, ஒரு கட்டியை வழித்து எடுத்து, கட்டைவிரலால் தேய்க்க ஆரம்பித்தான்.

கட்டி கரையும்வரை தேய்த்தான். சப்-இன்ஸ்பெக்டரின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"நீங்களும் தேய்ச்சுப் பாருங்க சார்."

இராமச்சந்திரன் தயங்கி, கொஞ்சம் வழித்துத் தேய்த்தார். "வழவழன்னு இருக்கு. கண்மை மாதிரி."

"ஏதாவது நெருடுதா?"

"இல்ல."

"இன்ஜின் ஓடும்போது ஆயில் அடியில இருந்து தலைவரைக்கும் ஏறி இறங்கும். ஓடுற இன்ஜின்ல எமரி இருந்தா அது தலையிலயும் இருக்கணும். இங்கே ஒரு துகள்கூட இல்ல. அடியில பிடிச்ச குடுவையில மட்டும் விரல் கனத்துக்கு இருக்கு. அந்த ஆயில் தேன் மாதிரி இருக்கு. ஒருநாள்கூட ஓடாத ஆயில் சார் அது. இன்ஜின் செத்த பிறகு ஊத்தினது. எமரி அதுக்கும் பிறகு, ஆயில் அளவு பார்க்கிற குச்சியோட குழாய் வழியா அடியில போட்டது."

ஜாஸ்மின் டின்னைக் கொண்டுவந்து சப்-இன்ஸ்பெக்டரின் காலடியில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, சட்டென்று நிமிர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்த இன்ஜினோட பழைய ரத்தம்," என்றாள் அவள். "முந்தாநேத்து பாப்பம்மாக்கா ஸ்டேஷன்ல முதலாளி அவர் கையாலயே குடுத்திருக்கார். அந்தக்கா எங்கே வேணா வந்து சொல்றேன்றாங்க. பீய்ச்சுற குழாய் அடைச்சுக்கிட்ட கோபம் அவங்களுக்கு."

"திங்கட்கிழமை பூட்டின ஷெட்டை நேத்துதான் திறந்தீங்கன்னு புகார்ல சொல்லியிருக்கீங்க," என்றார் இராமச்சந்திரன் ரகுபதியிடம். "யாரும் கை வைக்கலைன்னும் சொல்லியிருக்கீங்க."

ரகுபதி முதலில் சிரித்துப் பார்த்தார். சிரிப்புக்கு யாரும் கூட்டுச் சேரவில்லை. "ஒரு மெக்கானிக் வந்தான். பழசை எடுத்துட்டுப் புதுசு ஊத்திச் சுத்திப் பார்த்தான். இன்ஜின் அசையல. அவ்வளவுதான். இதுல என்ன தப்பு?"

"எமரியும் மெக்கானிக்தான் கொண்டு வந்தாரா?" என்றான் எழிலரசன். "ஆயிலே மாத்தலைன்னு அவர் சொன்னதும் உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, வண்டி தானாத்தான் செத்துதுன்னு. செத்த வண்டியையும் வீணாக்க வேண்டாம்னு நினைச்சிருக்கீங்க. ஒரு பிடி தூள். ஒரு சங்கம்."

அவன் குரல் உயரவில்லை. வெளியே நின்ற கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடிப் பின்வரிசைவரை போனது.

கான்ஸ்டபிள் அப்பாவுவின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். அப்பாவு அதைக் கவனிக்கவில்லை. அவன் மெதுவாக வந்து ஆயில் வாய்க்குள் எட்டிப் பார்த்தான். தினம் துடைத்த வண்டி. அதன் உள்ளே இருந்ததை அவன் அப்போதுதான் பார்க்கிறான்.

"அப்போ, வண்டி செத்தது என்னாலதானா சார்?"

நல்ல மனசோடு ஒரு பொய் சொல்லலாம் என்று எழிலரசனுக்குத் தோன்றியது. அன்றைக்குப் பொய்கள் அவனுக்குப் போதுமென்றிருந்தது. "பாதி," என்றான். "உள்ளே இருக்கிற ஆயிலையும் மாத்தியிருக்கணும். அது உங்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்ல. மீதி பாதி, ஓடி வந்த வண்டியை உடனே அணைக்கச் சொன்னவருது."

"கேட்டீங்களா," என்று ரகுபதி துள்ளி விழுந்தார். மூழ்கியவருக்குக் கையில் ஏதோ அகப்பட்டுவிட்டது. "அவரே சொல்றார். புகாரை வேணா வாபஸ் வாங்கிக்கறேன் எஸ்.ஐ. சார். ஆனா என் வண்டியைக் கவனிக்காமக் கொன்னதுக்கு இவனை இன்னைக்கே வேலையை விட்டு எடுக்கறேன். இதை எந்தச் சங்கமும் கேட்க முடியாது."

எழிலரசனுக்கு இப்போது நிஜமாகவே குமட்டியது. மற்ற எல்லா அழுக்கும் கழுவினால் போகிற அழுக்கு.

அப்பாவு யோசித்தான். அவசரமில்லாமல் யோசித்தான்.

"எடுங்க மொதலாளி. எடுக்கிறவங்க ஆர்டர்ல காரணம் எழுதணும் இல்ல? 'மாசா மாசம் நான் சர்வீஸ் வுடச் சொன்னேன், இவனும் மாசா மாசம் சர்வீஸ் வுட்டான்'னு எழுதுங்க. நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன்."

வாசலில் யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தாள். பிறகு அது நிற்கவில்லை. பாலிஷ் செக்‌ஷன், பேக்கிங் செக்‌ஷன், பஸ் டிரைவர் என்று எல்லோருக்கும் பரவியது. கான்ஸ்டபிள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ரகுபதி வாயைத் திறந்தார். எழுதக்கூடிய ஒரு வாக்கியம் அதற்குள் இல்லை.

"வாங்க," என்றார் இராமச்சந்திரன் அவரிடம். "பொய்ப் புகார் பத்தி ஸ்டேஷன்ல உட்கார்ந்து பேசலாம்."

அப்பாவு பானெட்டைக் கீழே இறக்கி, பூட்டு விழும்வரை உள்ளங்கையால் அழுத்தினான். அங்கே ஒரு கைரேகை விழுந்தது. அதை அவன் துடைக்கவில்லை. வாசலைப் பார்த்து நடந்தான். கூட்டம் அவனுக்கு வழி விட்டு, அவன் பின்னாலேயே பஸ்ஸை நோக்கித் திரும்பியது.